குணமாகும் என்று எப்படித் தெரியும்? வாழ்நாள் முழுவதும் அதையே கேட்ட மருத்துவர் ஆர்ச்சி காக்ரன்

நம் வீடுகளில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிந்தால் போதும், மறுநாளே ஆலோசனைகள் வந்து குவியும். பக்கத்து வீட்டு அக்கா ஓர் இலையைச் சொல்வார். வாட்ஸ்அப்பில் ஒரு கசாயம் வரும். பேரங்காடியில் ஒரு நிறுவனம் மேசை போட்டு, உடல் முழுவதையும் ஒரே நாளில் சோதித்துத் தருவதாகச் சொல்லும். யாரும் நம்மைக் கெடுக்க நினைத்துச் சொல்வதில்லை. அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால், அது உண்மையில் நன்மை செய்யும் என்று எப்படித் தெரியும் என நாம் கேட்பது அபூர்வம்.

இந்தக் கேள்வியைப் பாட்டி வைத்தியத்திடம் மட்டுமல்ல, பெரிய மருத்துவமனைகளிடமும் பேராசிரியர்களிடமும் தம்மிடமும்கூடக் கேட்டுக்கொண்டே இருந்த ஒரு மருத்துவர் இருந்தார். அவர் பெயர் ஆர்ச்சிபால்ட் காக்ரன். ஆர்ச்சி என்றே அழைப்பார்கள். இன்று நம்மூர்க் கிளினிக்கில் மருத்துவர் எழுதித் தரும் மருந்துக்குப் பின்னாலும், செய்யச் சொல்லும் இரத்தப் பரிசோதனைக்குப் பின்னாலும் இவருடைய பிடிவாதத்திற்கு ஒரு பங்கு உண்டு.

வசதியான வீட்டுப் பிள்ளை

காக்ரன் 1909ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் தேதி ஸ்காட்லாந்தின் காலஷீல்ஸ் என்ற ஊரில் பிறந்தார். கம்பளித் துணி ஆலைத் தொழிலில் செல்வாக்குப் பெற்ற குடும்பம். முதல் உலகப் போர் அந்த வீட்டையும் விட்டு வைக்கவில்லை. 1917இல் காசாவில் நடந்த போரில் தந்தை மாண்டார். அப்போது ஆர்ச்சிக்கு எட்டு வயது.

படிப்பில் கெட்டிக்காரர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் கல்லூரியில் அறிவியல் படித்து முதல் வகுப்பில் தேறினார். இளம் வயதில் தமக்கிருந்த ஓர் உடல் கோளாறுக்கு மருத்துவர்களிடம் விடை கிடைக்காததால், மனப்பகுப்பாய்வு என்ற அன்றைய புதிய சிகிச்சையைத் தேடி பெர்லினுக்குப் போனார். இட்லர் ஆட்சிக்கு வந்த காலம் அது. அவருக்குச் சிகிச்சையளித்த யூத நிபுணர் வியன்னாவுக்கும் பின்னர் ஹேக் நகருக்கும் இடம் மாற, இவரும் கூடவே போனார். ஆண்டுகள் கழிந்தன, கோளாறு தீரவில்லை. ஆனாலும் அந்த ஆண்டுகள் வீணாகவில்லை. ஜெர்மன் மொழியைச் சரளமாகக் கற்றுக்கொண்டார். சிகிச்சை என்று பெயர் சூட்டப்பட்ட எல்லாமே குணப்படுத்தாது என்பதையும் சொந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டார்.

1934இல் லண்டனில் மருத்துவம் படிக்கத் தொடங்கினார். 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டபோது படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, காயம்பட்டோருக்கு உதவும் மருத்துவக் குழுவில் சேர்ந்து போனார். திரும்பி வந்து 1938இல் மருத்துவரானார். மாணவராக இருந்த அந்நாள்களில், பலன் தரும் சிகிச்சை எல்லாம் மக்களுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று எழுதிய பதாகையைத் தூக்கிக்கொண்டு ஒரு பேரணியில் நடந்தார். அதில் பலன் தரும் என்ற சொல்லைத்தான் பலரும் கவனிக்கவில்லை. அவர் வாழ்க்கையே அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் அமைந்தது.

கைதி முகாமில் ஒரு சோதனை

இரண்டாம் உலகப் போரில் இராணுவ மருத்துவராகச் சேர்ந்த காக்ரன், 1941 ஜூன் மாதம் கிரீட் தீவில் ஜெர்மானியர்களிடம் சிறைப்பட்டார். கிரேக்க நாட்டின் சலோனிக்கா நகரில் இருந்த கைதிகள் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார். ஜெர்மன் மொழி தெரிந்ததால் முகாமின் தலைமை மருத்துவர் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

ஆயிரக்கணக்கான கைதிகள். உணவோ உயிரைப் பிடித்து வைக்கக்கூடப் போதாத அளவு. வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் தொண்டை அடைப்பான் நோயும் பரவின. மருந்து என்று சொல்ல எதுவும் இல்லை. போதாக்குறைக்குப் பல கைதிகளுக்குக் கால்கள் வீங்கத் தொடங்கின. வீக்கம் முழங்காலைத் தாண்டி ஏறியது. காக்ரனின் கால்களும் வீங்கின.

வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரியாக இருக்கலாம் என்று அவர் ஐயுற்றார். கள்ளச் சந்தையில் கொஞ்சம் ஈஸ்ட் வாங்கினார். கைவசம் சில வைட்டமின் சி மாத்திரைகளும் இருந்தன. நோய் முற்றிய இளைஞர் 20 பேரைத் தேர்ந்தெடுத்து இரண்டு அறைகளில் பத்துப் பத்துப் பேராகப் பிரித்தார். ஓர் அறைக்கு ஈஸ்ட், இன்னோர் அறைக்கு வைட்டமின் சி. ஒவ்வொருவரும் நாளுக்கு எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறார் என்று எண்ணிக் குறித்தார். உடலில் தேங்கிய நீர் இறங்குகிறதா என்பதை அறிய அவருக்கு வேறு வழியில்லை.

நான்காம் நாள் வேறுபாடு கண்கூடாகத் தெரிந்தது. ஈஸ்ட் தின்ற பத்துப் பேரில் எட்டுப் பேர் தேறியிருந்தார்கள். மற்ற அறையில் ஒருவரும் தேறவில்லை. அந்தக் கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு போய் ஜெர்மானிய அதிகாரிகளிடம் காட்டினார். அவர்களில் ஓர் இளம் மருத்துவர் அதைப் புரிந்துகொண்டார். கெஞ்சிக் கேட்டபோது கிடைக்காத ஈஸ்ட், கணக்கைக் காட்டியதும் நிறையவே வந்து சேர்ந்தது.

பல்லாண்டுகளுக்குப் பிறகு, 1984இல், இந்தச் சோதனையைப் பற்றி அவரே எழுதினார். அப்போது தம் முதுகைத் தாமே தட்டிக்கொள்ளவில்லை. ஆட்கள் மிகக் குறைவு, நாள்கள் மிகக் குறைவு, பெரிபெரி என்று தாம் எண்ணியதே தவறாக இருக்கலாம் என்று தம் சோதனையின் ஓட்டைகளைத் தாமே வரிசைப்படுத்தினார்.

கோலாலம்பூரில் ஏற்கெனவே நடந்தது

பெரிபெரி என்றதும் நம் நாட்டில் நடந்த ஒரு சோதனையையும் சொல்ல வேண்டும். அன்றைய மலாயாவில் பெரிபெரி ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைக் கொன்றது. தீட்டிய சயாம் வெள்ளை அரிசியை உண்ட சீனத் தொழிலாளர்களிடையே நோய் மிகுந்திருக்க, புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களை அது அரிதாகவே தொட்டது. இதை மருத்துவர்கள் கவனித்தார்கள். ஆனால் கவனிப்பு மட்டும் சான்றாகிவிடாது.

1905ஆம் ஆண்டு இறுதியில் கோலாலம்பூர் மனநல விடுதியில் மருத்துவர் வில்லியம் பிளெட்சர் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண் கொடுத்தார். ஒற்றைப்படை எண்ணுக்கு வெள்ளை அரிசி, இரட்டைப்படை எண்ணுக்குப் புழுங்கல் அரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே. ஓராண்டுக்கு மேல் பார்த்தார். வெள்ளை அரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் அரிசி உண்டவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. நோயாளிகளின் சம்மதம் கேட்காத அந்த முறையை இன்று எவரும் ஏற்க மாட்டார்கள். ஆனால் நம் தாத்தா பாட்டி வடித்துத் தின்ற சோறுதான் அவர்களைக் காத்தது என்பதற்கு எண்களோடு கூடிய சான்று அப்படித்தான் கிடைத்தது. சலோனிக்காவில் காக்ரன் கையாண்டதும் இதே வழிதான். இரண்டு குழுவாகப் பிரி, ஒப்பிடு, எண்ணிப் பார்.

நள்ளிரவில் அலறிய கைதி

சலோனிக்காவிலிருந்து காக்ரன் ஜெர்மனியில் இருந்த முகாம்களுக்கு மாற்றப்பட்டார். எல்ஸ்டர்ஹார்ஸ்ட் முகாமில் காசநோயாளிகள் அவர் பொறுப்பில் இருந்தார்கள். நுரையீரலைச் சுருங்க வைப்பது போன்ற அன்றைய சிகிச்சைகளைச் செய்ய அவருக்கு முழுச் சுதந்திரம் இருந்தது. யாருக்குச் செய்வது, யாருக்குச் செய்யாமல் விடுவது என்பதற்குத்தான் எந்தச் சான்றும் இல்லை. தாம் காப்பாற்றுகிறோமா, சாவை விரைவுபடுத்துகிறோமா என்று தெரியாமலே சிகிச்சையளித்த அந்தத் தவிப்பு அவரைக் கடைசிவரை விடவில்லை.

ஓர் இரவு சாகும் தறுவாயில் ஓர் இளம் சோவியத் வீரரைக் கொண்டு வந்தார்கள். அவர் இடைவிடாமல் அலறினார். மற்ற நோயாளிகளின் தூக்கம் கெடக் கூடாதென்று காக்ரன் அவரைத் தம் சொந்த அறையிலேயே படுக்க வைத்தார். நுரையீரல் உறையின் அழற்சியால் வரும் வலி என்று கணித்தார். வலி போக்க மார்பின் இல்லை. இருந்த ஆஸ்பிரின் பயன்படவில்லை. பேசித் தேற்றலாம் என்றால் ரஷ்ய மொழியும் தெரியவில்லை. கடைசியில் வேறு வழியின்றிப் படுக்கையில் உட்கார்ந்து அவரை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டார். அலறல் சட்டென நின்றது. சில மணி நேரத்தில் அந்த வீரர் காக்ரனின் கைகளிலேயே அமைதியாக உயிர் விட்டார்.

வலியால் அல்ல, தனிமையால்தான் அவர் அலறியிருக்கிறார் என்பது காக்ரனுக்கு அப்போதுதான் புரிந்தது. நோயைத் தவறாகக் கணித்துவிட்டோமே என்று வெட்கப்பட்டு, நெடுங்காலம் இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். எண்களை மட்டுமே நம்பிய இரக்கமற்ற மனிதர் என்று இவரை நினைப்பவர்கள் இந்த இரவைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுரங்கத் தொழிலாளர்களின் வீட்டு வாசலில்

போர் முடிந்து ஊர் திரும்பியவர், லண்டனில் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியல் பேராசிரியரிடம் பாடம் கேட்டார். காசநோய்க்கு ஸ்டிரெப்டோமைசின் என்ற புதிய மருந்தைச் சோதிக்க ஹில் வகுத்த முறை, கைதி முகாமில் தவித்த காக்ரனுக்குப் பெரிய விடையாக இருந்தது. யாருக்கு மருந்து என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்காமல், சீட்டுக் குலுக்குவதைப் போலத் தற்செயலாகப் பிரித்தார்கள். 55 பேருக்குப் படுக்கை ஓய்வோடு மருந்து, 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும் பெறாதவர்களில் 14 பேரும் இறந்திருந்தார்கள். 1948இல் முடிவு வெளியானது.

அதே ஆண்டு காக்ரன் வேல்ஸ் நாட்டுக்குப் போனார். அங்கே நிலக்கரிச் சுரங்கங்களில் உழைத்தவர்களின் நுரையீரலைத் தூசி அரித்துக்கொண்டிருந்தது. ரோண்டா ஃபாக் என்ற பள்ளத்தாக்கில், சுரங்கத்தில் வேலை செய்பவர்கள், வேலையை விட்டவர்கள் அனைவருக்கும் எக்ஸ்ரே எடுக்க முனைந்தார். வந்தவர்களை மட்டும் பார்த்தால் உண்மை தெரியாது என்பது அவர் கொள்கை. மிகவும் முடியாதவர்தான் வீட்டோடு கிடப்பார். அதனால் வராதவர்களின் வாசலுக்கே போனார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வந்து சேர்ந்தார்கள். அவர்களை அடுத்த பல பத்தாண்டுகளுக்குத் தொடர்ந்து கவனித்தார்கள்.

தோட்டங்களில் மருத்துவ முகாம் நடத்தும் நம் சங்கங்களுக்கு இந்தச் சிரமம் தெரியும். முகாமுக்கு வருபவர் பெரும்பாலும் நடக்க முடிந்தவர். வர முடியாதவரைத் தேடிப் போனால்தான் உண்மைக் கணக்குக் கிடைக்கும்.

அங்கே இன்னொன்றும் வெளிப்பட்டது. ஒரே எக்ஸ்ரே படத்தை இரண்டு மருத்துவர்கள் வேறு வேறாகப் படித்தார்கள். அதே மருத்துவர் சில காலம் கழித்து அதே படத்தைப் பார்த்து வேறு முடிவு சொன்னார். தொழிலாளிக்கு இழப்பீடு கிடைக்குமா கிடைக்காதா என்பது அந்தப் படத்தைப் படிப்பதில் இருந்தது. ஆகவே, படத்தை எல்லாரும் ஒரே விதமாகப் படிக்க வழி காண்பது ஓர் ஏழைக் குடும்பத்தின் சாப்பாட்டுப் பிரச்சினையும்கூட.

தவறான கணிப்பு காக்ரனையே ஒருமுறை தாக்கியது. 1956இல் அவருடைய அக்குளில் அறுவை சிகிச்சை செய்த நிபுணர், புற்றுநோய் பரவிவிட்டதாகச் சொல்லிவிட்டார். எதையும் ஆதாரம் கேட்கும் காக்ரன் அன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சாவுக்குத் தயாரானார். ஆய்வகத்தின் முடிவு வந்தபோது புற்றுநோயே இல்லை என்று தெரிந்தது. நிபுணரின் சொல்லுக்கு முன்னால் அவரே வாயடைத்துப் போனார் என்றால் நாம் எம்மாத்திரம்?

பாப் ஸ்மியர் சர்ச்சை

1960களில் பிரிட்டனில் கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் பாப் ஸ்மியர் பரிசோதனை பரவியது. இந்தப் பரிசோதனை சாவைக் குறைக்கிறது என்பதற்குச் சரியான சான்று இல்லை, பரவலாக்கும் முன்பே முறையாகச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும் என்று காக்ரன் வெளிப்படையாகச் சொன்னார். பெண்களின் உயிரோடு விளையாடுகிறார் என்று கண்டனங்கள் குவிந்தன.

அவர் பரிசோதனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. நோய் இல்லாத ஒருவரை அழைத்துச் சோதிக்கும்போது, அதனால் அவருக்கு நன்மை உண்டு என்று காட்டும் கடமை அழைப்பவருக்கு இருக்கிறது என்றுதான் சொன்னார். தேவையற்ற பயமும் தேவையற்ற அறுவையும் தீங்குகளே.

பின்னர் சான்றுகள் வந்தன. பிரிட்டன் 1988இல் பெண்களை முறையாக அழைத்துச் சோதிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்த பிறகு சாவு குறைந்தது. காக்ரன் கேட்டபடியே தற்செயலாகப் பிரித்து ஒப்பிட்ட சோதனைகளில் ஒன்று நடந்தது தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில். 30 முதல் 59 வயது வரையிலான 80,000க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் இருந்தார்கள். கருப்பை வாயில் புளிக்காடி அமிலம் தடவி, நிறம் மாறுகிறதா என்று பயிற்சி பெற்ற தாதியர் கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனை அது. 2007இல் முடிவு வெளியானது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில் இந்தப் புற்றுநோய்ச் சாவு 35 விழுக்காடு குறைந்திருந்தது. காக்ரன் எழுப்பிய கேள்விக்கு விடை சொன்னவர்களில் திண்டுக்கல் பெண்களும் உண்டு.

வீடா, மருத்துவமனையா?

மாரடைப்பு வந்தவர்களுக்கென மருத்துவமனைகளில் செலவு மிக்க தனிப் பிரிவுகள் திறக்கப்பட்ட காலம் அது. குடும்ப மருத்துவரின் கண்காணிப்பில் வீட்டிலேயே இருப்பதைவிட அது மேலானதா என்று தென்மேற்கு இங்கிலாந்தில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கண்காணிப்புக் குழுவில் காக்ரனும் இருந்தார். தொடக்கக் கணக்கில் வேறுபாடு மிகச் சிறியது. காக்ரன் ஒரு குறும்பு செய்தார். இரு பக்க எண்களையும் இடம் மாற்றி இதய நிபுணர்களிடம் காட்டினார். வீட்டில் வைத்திருப்பது ஆட்களைக் கொல்கிறது, சோதனையை உடனே நிறுத்துங்கள் என்று அவர்கள் கொதித்தார்கள். பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சரியான எண்களைக் காட்டினார். கூடுதல் சாவு மருத்துவமனைப் பக்கம்தான் இருந்தது. அப்போது பிரிவை மூட வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இதைப் படித்துவிட்டு நெஞ்சு வலிக்கு வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். அன்று மருத்துவமனையிலும் செய்வதற்கு அதிகம் இல்லை. இன்று அடைப்பைக் கரைக்கவும் திறக்கவும் வழிகள் உண்டு. அவை உயிர் காப்பதும் இதே போன்ற சோதனைகளில்தான் உறுதியானது. நெஞ்சு வலித்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சான்று மாறும்போது அறிவுரையும் மாறும்.

குடும்ப மருத்துவர்களின் கிளினிக்குகளிலேயே பெரிய சோதனைகள் நடந்தன. பிரிட்டனில் 176 கிளினிக்குகளில் மிதமான இரத்த அழுத்தம் கொண்ட 17,354 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1985இல் வந்தது. மருந்து உண்டவர்களில் 60 பேருக்கும், வெறும் மாத்திரை உண்டவர்களில் 109 பேருக்கும் பக்கவாதம் வந்தது. 850 பேர் ஓராண்டு மருந்து உண்டால் ஒருவரைப் பக்கவாதத்திலிருந்து காக்கலாம் என்றும் அந்த ஆய்வு ஒளிக்காமல் சொன்னது. நன்மையை மிகைப்படுத்தாமல் அளந்து சொல்வதே நேர்மை.

விட்டுச் சென்றது

1972இல் காக்ரன் எழுதிய சிறு நூல், சிகிச்சைகளின் பலனையும் அவற்றுக்கு ஆகும் செலவையும் கேள்விக்கு உட்படுத்தி மருத்துவ உலகை உலுக்கியது. 1979இல் இன்னொரு குறையைச் சுட்டினார். நடந்த சோதனைகளை எல்லாம் துறைவாரியாகத் திரட்டி, அலசி, அவ்வப்போது புதுப்பித்து வைக்க ஏற்பாடு இல்லையே என்பதுதான் அது.

அந்தக் குறைக்குக் கொடுத்த விலை குழந்தைகளின் உயிர். குறைமாதத்தில் பிரசவமாகும் நிலையில் உள்ள தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் பலப்படும் என்று 1972இலேயே நியூசிலாந்தில் ஒரு சோதனை காட்டியது. மேலும் பல சோதனைகள் அதையே காட்டின. அவற்றை ஒன்றாகத் திரட்டிப் பார்க்காததால் பல ஆண்டுகள் அந்த ஊசி பெரும்பாலான தாய்மாருக்குக் கிடைக்கவில்லை.

காக்ரன் 1988 ஜூன் 18ஆம் தேதி காலமானார். திருமணம் செய்துகொள்ளவில்லை. தம் இரங்கல் குறிப்பையும் தாமே எழுதி வைத்திருந்தார். அதிலும் தம் குறைகளை மறைக்கவில்லை. 1992இல் ஆக்ஸ்போர்டில் அவர் பெயரில் ஒரு மையமும், 1993இல் உலகளாவிய அமைப்பும் பிறந்தன. ஊசிச் சோதனைகளின் வரைபடமே அந்த அமைப்பின் சின்னம்.

கிளினிக்கில் நாம் கேட்கலாம்

நம் நாட்டில் 40 வயதைக் கடந்த பி40 பிரிவினருக்கு, பெக்கா பி40 திட்டத்தின் கீழ் இலவச உடல் பரிசோதனை இருக்கிறது. இரத்த அழுத்தமும் இரத்தத்தில் சீனியின் அளவும் பார்க்கப்படுகின்றன. இவற்றைக் கண்டறிந்து மருந்து எடுத்தால் பலன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. தகுதி உள்ளவர்கள் இதைத் தவறவிட்டு, பலன் தெரியாத சோதனைக்கும் சத்து மாவுக்கும் பல நூறு ரிங்கிட் கொடுப்பதுதான் வருத்தம்.

அடுத்த முறை ஒருவர் ஒரு சோதனையையோ மருந்தையோ சொன்னால் மூன்று கேள்விகள் போதும். இதைச் செய்தால் எனக்கு என்ன நன்மை? என்ன தீங்கு வரலாம்? செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? மருந்தை நீங்களாக நிறுத்திவிட்டுக் கேட்காதீர்கள். சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள். யார் சொன்னாலும் அதில் உண்மை எது என்று பார்க்கச் சொன்ன வள்ளுவரைப் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்தும் நாம், கிளினிக்கிலும் அவரைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். அவருக்கும் விடை தெரியாவிட்டால் தேடிப் பார்த்துச் சொல்வார். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள காக்ரன் ஒருநாளும் தயங்கியதில்லை.